விதாரின் வலது கால்

அந்த ஊருக்கு விதார் வந்தது காலை ஷிஃப்ட் பஸ்ஸில்தான், வேறு எப்படியும் இல்லை. மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கினார், பாலாற்று மணலைப் பிளந்துகொண்டு எழுந்தார் என்றெல்லாம் பிற்பாடு சொன்னவர்கள் அன்றைக்கு லீவு போட்டவர்கள். ஷூ கம்பெனி பஸ்ஸின் கூட்டத்துக்கு நடுவே, கூரை இடிக்காமல் கழுத்தை மடக்கிக்கொண்டு, எந்த நிறுத்தத்தில் ஏறினார் என்று ஒருவருக்கும் தெரியாமல் அவர் நின்றிருந்தார். உயரமாக ஒரு ஆள் சும்மா நிற்கிறாரே என்று பெண்கள் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பையை அவர் தோளிலும் முழங்கையிலும் விரல்களிலும் மாட்டிவிட்டார்கள், அவரும் மாட்டிக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் உடம்பிலிருந்து ஐஸ் பெட்டியைத் திறந்தாற்போலக் குளிர் வந்ததால் அவரை ஒட்டி நிற்கத்தான் தள்ளுமுள்ளு நடந்தது. கம்பெனி வாசலில் இறங்கிப் பைகளைக் கழற்றிக்கொண்ட பிறகுதான் தையல் லைன் ஜெயக்கொடி கேட்டாள்.

"ஏம்மே, இந்த ஆளு எந்த லைனு?"

யாருக்கும் தெரியவில்லை. பூங்காவனம் மட்டும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் அவள் ஒரு ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்க்கிறவள். இடது கால் பாறைபோல வெடித்துக் கறுத்திருந்தது. வலது கால் பிறந்த குழந்தையின் கால்போலச் சிவந்து, தரை படும்போதெல்லாம் கூசியது. இரண்டுக்கும் ஜோடி சேராது என்று அவள் மனசுக்குள் ஒதுக்கி வைத்தாள்.

அதுதான் அவள் வேலை. தைத்து வருகிற மேல்பாகங்களை மேஜைமேல் பரப்பி, இடதுக்கு எது வலது, எதற்கு எது நிறம் ஒத்துப்போகிறது, எதன் தையல் எதைவிட அரைநூல் ஏறியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஜோடி சேர்ப்பாள், சேராததைத் தனியே வைப்பாள். அவள் புருஷன் எத்திராஜ் போன பிறகு இந்த வேலை அவளை வீட்டுக்கும் துரத்திக்கொண்டு வந்தது. டம்ளருக்கு ஜோடி தேடுவாள், கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள், படுத்தவள் எழுந்து மகன் லோகு மூச்சு விடுகிறானா என்று மூக்கருகே விரல் வைப்பாள். இருபத்தி நாலு வயசுப் பையன். "எம்மா, நான் இன்னா கைக்குழந்தையா?" என்று அவன் கத்துவான்.

கம்பெனி மதிலுக்கு அந்தப் பக்கம் தோல் ஷாப்பு, அதாவது பச்சைத் தோலைப் பதனிடுகிற இடம். அங்கே கழிவு தேங்குகிற தொட்டி ஒன்று பூமிக்குள் இருந்தது. மேலே சிமெண்டுப் பலகை, நடுவில் நீளவாக்கில் ஒரு திறப்பு. நாலு வருஷத்துக்கு முன்னால் அதைச் சுத்தம் பண்ண இறங்கின எத்திராஜை அது திரும்ப விடவில்லை. கயிறு போட்டு இழுத்துப் போட்டபோது வலது காலில் செருப்பு இருந்தது, இடது கால் செருப்பு உள்ளேயே போய்விட்டது. இறக்கிவிட்ட சின்னராசு மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு அழுதார், அப்பன் வேலையைப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள், தொட்டியை மறுபடி மூடினார்கள். மிஞ்சின வலது செருப்பைப் பூங்காவனம் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். ஒற்றைச் செருப்பை வீட்டில் வைக்கக் கூடாது, தூக்கிப் போடு என்று தெருவே சொன்னது. அவள் போடவில்லை, ஆனால் அது ஒற்றையாகக் கிடப்பது ஒவ்வொரு நாளும் அவளைக் குடைந்தது.

விதார் நேராகக் கட்டிங் ஹாலுக்குப் பின்னால் போய், வெட்டி எறிந்த துண்டுத் தோல் குவிந்து கிடந்த இடத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த இடத்தில் அன்று சாயந்தரத்துக்குள் புல் முளைத்தது. உப்பும் சுண்ணாம்பும் ஊறி எருக்கஞ்செடிகூட வராத தரையில் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாகப் புல் நின்றது, மறுநாள் இடுப்பு உயரம் வந்தது, புல்லோடு சேர்ந்து அவரும் வளர்ந்தார், அதற்கு மறுநாள் ஆடு வைத்திருந்தவர்கள் வந்தார்கள். வாட்ச்மேன் தணிகாசலம் ஆடுகளைத் துரத்திவிட்டு, உள்ளே இருக்கிற எவருக்கும் பாஸ் வேண்டும் என்பதால் ஒரு விசிட்டர் பாஸை விதாரின் கழுத்தில் மாட்டப் பார்த்தான். கயிறு காதைத் தாண்டி இறங்கவில்லை, காதிலேயே தொங்கவிட்டான். பேர் கேட்டதற்குப் பதில் வராததால் மௌனசாமி என்று எழுதிக்கொண்டான். கேன்டீனிலிருந்து ஒரு தட்டு சோறு போயிற்று. சாப்பாட்டு நேரத்தில் அவர் குளிரில் உட்கார எல்லாப் பெண்களும் போனார்கள், சூப்பர்வைசர் ரூபன்கூட பனியனை விசிறிக்கொண்டு போனார், இரண்டே நாளில் விதார் அங்கே எப்போதும் இருந்தவர்போல ஆகிவிட்டார்.

அவர் யார் என்று தெரிந்தது நார்வே தேசத்திலிருந்து ஷூக்களைப் பரிசோதிக்க வந்த சிக்ரிட் என்ற வெள்ளைக்காரப் பெண்ணால்தான். அவள் கட்டிங் ஹாலைச் சுற்றிவிட்டுப் பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள், பாறைக் காலையும் குழந்தைக் காலையும் பார்த்தாள், கையிலிருந்த ஷூவைக் கீழே போட்டாள். "விதார்" என்றாள். பிறகு மடமடவென்று பேசினாள், ரூபன் முடிந்தவரை தமிழாக்கினார்.

"அவங்க ஊர்ல பழைய காலத்துச் சாமியாம். பழி வாங்குற சாமி. அதிகம் பேருக்கு அங்கயே தெரியாதாம். இவரோட அப்பா பெரிய சாமி, அவரை ஒரு ஓநாய் முழுங்கிடுமாம். இவர் அது கீழ்த்தாடையில காலை வச்சு, மேல்தாடையைக் கையால தூக்கி, வாயை ரெண்டாக் கிழிப்பாராம். அதுக்குத்தான் ஷூ வேணும். செருப்புத் தைக்கிறவங்க முனையிலயும் குதிகாலிலயும் வெட்டிப் போடுற துண்டாலயே அது ஆகணுமாம்."

"எப்போ முழுங்குமாம்?" என்றாள் ஜெயக்கொடி.

"உலகம் முடியுற அன்னிக்கு."

"எனக்கு அது முடிஞ்சு நாலு வருசமாச்சு" என்றாள் பூங்காவனம்.

அந்த ஊரில் ஓநாய் கிடையாது; நாய் உண்டு, அவை யாரையும் முழுசாக முழுங்கினதில்லை. ஆனால் வாய் ஒன்று இருந்தது. எல்லோரும் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள், விதார் முன்பிருந்தே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்ரிட் ஒரு விரலைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னாள். "ஒரு ஷூதானாம், வலது காலுக்கு" என்றார் ரூபன். அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அன்றிலிருந்து முனையிலும் குதிகாலிலும் வெட்டின துண்டு எதுவும் குப்பைக்குப் போகவில்லை. துண்டைப் போடும்போது ஆளுக்கொரு பேரைச் சொன்னார்கள், சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை, வாய் சும்மா இருக்கவில்லை. ஜெயக்கொடி நாத்தனார் பேரைச் சொன்னாள். ஒருத்தி பஸ் கண்டக்டரைச் சொன்னாள், ஒருத்தி ஓடிப்போன புருஷனைச் சொல்லிவிட்டுத் துண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் மறுநாள் கொண்டுவந்து போட்டாள். ரூபனின் பேரைச் சொன்னவர்கள் ரூபனுக்கு முன்னாலேயே சொன்னார்கள். அவர் சிரித்துக்கொண்டே நின்று, எல்லோரும் போன பிறகு தானும் ஒரு துண்டைப் போட்டார். பூங்காவனம் தன் துண்டைப் போட்டபோது, "சின்னராசு மேஸ்திரி" என்றாள். மேஸ்திரி நசுங்குவதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகாவது தூக்கம் வரும் என்று நினைத்தாள். விதார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேர் எதையும் அவர் வாங்கிக்கொண்ட மாதிரி இல்லை, தோலை மட்டும் வாங்கிக்கொண்டார்.

தோல் நிறையச் சேர்ந்ததும் அவரே தைக்கத் தொடங்கினார், அந்தத் தையலைப் பார்க்கத் தையல் லைன் பெண்களுக்குச் சகிக்கவில்லை.

"இன்னா சாமி இது, சாக்கு மூட்டை தெக்கிற மாதிரி" என்று ஜெயக்கொடி அவர் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு கம்பெனியின் கைகள் எல்லாம் அதில் இறங்கின, சாப்பாட்டு நேரமும் டீ நேரமும் அதற்கே போயின, துண்டுமேல் துண்டு ஒட்டி அடித்துத் தைத்து அடுக்கடுக்காக அடி எழும்பியது. பாதி எழும்பியபோது ஒருத்தி கேட்டாள், இடது எப்போ தொடங்குறது?

"ஒண்ணுதானே கேட்டாங்க" என்றார் ரூபன்.

"நல்லாயிருக்கே! சாமிக்குப் போய் ஒத்தையா குடுப்பாங்களா? வெளங்குமா?" என்று எல்லோரும் பூங்காவனத்தைப் பார்த்தார்கள், ஜோடி விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

பூங்காவனத்துக்குக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிற ஒற்றைச் செருப்பு ஞாபகம் வந்தது. "ஒத்தைனா என் கை வழியாப் போகாது" என்றாள். "ரெண்டு காலுக்கும் பண்ணுங்க. இருக்கிற தோலை சரிபாதியாப் பிரிங்க."

சரிபாதியாகப் பிரித்தார்கள். பரிசல் அளவுக்கு இரண்டு ஷூக்கள், நிறம் நிறமாகத் துண்டுகள் வைத்து, இடதும் வலதும் அச்சாக ஒன்றுபோல வந்தன, பூங்காவனம் சுற்றிச் சுற்றி வந்து கை வைத்துத் தடவிப் பார்த்து, ஒரு குறையும் சொல்ல முடியாமல் தலையை ஆட்டினாள். விதார் வலது ஷூவைக் கையில் எடுத்தார். அடிப்பாகத்தை விரலால் அழுத்தினார், நெடுநேரம் அழுத்தினார், பிறகு மாட்டிக்கொண்டார். இடதைத் தொடவேயில்லை.

"பிடிக்கலையோ?"

"கடிக்குதோ?"

வருத்தத்தில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அத்தனை பேர் உழைப்பு வெயிலில் கிடக்கக் கூடாது என்று யாரோ இடது ஷூவுக்கு மேலே ஒரு பந்தல் போட்டார்கள், யாரோ மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், வெள்ளிக்கிழமை மல்லிகைச் சரம் விழுந்தது, கற்பூரம் எரிந்தது, குழந்தை இல்லாதவர்கள் அதன் கயிற்றில் முடிச்சுப் போட்டார்கள். வலது ஷூ போட்ட சாமி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, யாரும் போடாத இடது ஷூவுக்குத்தான் கூட்டம் சேர்ந்தது, அதுவும் வழக்கமாகிவிட்டது.

சனிக்கிழமை சாயந்தரம் லோகு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"இன்னாடா நைனா?"

"நாளைக்குத் தொட்டியில ஆளு எறக்குறாங்க. என்னையும் சொல்லியிருக்காரு மேஸ்திரி."

அவள் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. "போகாத."

"போகலைனா திங்கக்கிழமை கேட்டுக்குள்ள உடமாட்டாங்க. மாஸ்க் தராங்களாம்மா."

"உங்க அப்பனுக்குந்தான் துணி கட்டிக்கச் சொன்னானுங்க."

பொழுது விடியும்வரை அவள் படுக்கவில்லை. பாத்திரத்தை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். காலையில் எத்திராஜின் வலது செருப்பைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டாள். யாருக்காகப் பழி கேட்கிறோம் என்று சாமிக்குக் காட்ட வேண்டுமே, போட்டோவில் முகம்தான் இருக்கும், சாமி காலைப் பார்க்கிறவர்.

அவள் போய்ச் சேருவதற்குள் விதார் எழுந்துவிட்டிருந்தார். வந்த நாளிலிருந்து உட்கார்ந்தே இருந்தவர் எழுந்து நின்றதும் கம்பெனியின் கூரை அவர் தோளுக்கு வந்தது. மதிலைத் தாண்டவில்லை, மரியாதையாக வாசல் வழியாகப் போனார், விசிட்டர் பாஸைக் காதிலிருந்து கழற்றித் தணிகாசலத்திடம் கொடுத்தார், சாலையைச் சுற்றிக்கொண்டு தோல் ஷாப்புக்குள் நுழைந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் எப்படித்தான் தெரிந்ததோ பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், சில பேர் தலையில் எண்ணெய் வழிய வந்திருந்தார்கள். தொட்டியின் பலகையை விலக்கியாயிற்று. லோகுவின் இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த சின்னராசு மேஸ்திரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கயித்தை அவுத்துடுறா" என்றார் லோகுவிடம், அவர் குரலில் இருந்தது பயமா நிம்மதியா என்று பூங்காவனத்துக்குத் தெரியவில்லை.

விதார் வலது காலைத் தூக்கித் தொட்டியின் கீழ் உதட்டில் வைத்தார்.

வைத்ததும் புகைந்தது. ரோமம் கருகுகிற நாற்றம் எழுந்தது, தொட்டி உள்ளேயிருந்து உறுமியது, ஷூவின் அடி ஐஸ்போல உருகத் தொடங்கியது. அவர் காலை எடுத்துக்கொண்டார். திரும்பி, இத்தனை நாளில் முதல்முறையாக ஒரு ஆளை நேராகப் பார்த்தார். பூங்காவனத்தை.

அவள் அடியைப் பார்த்தாள். பாதிக் கனம்தான் இருந்தது. மீதிப் பாதி மதிலுக்கு அந்தப் பக்கம் பந்தலுக்குக் கீழே பூமாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெள்ளைக்காரி தூக்கிக் காட்டின ஒற்றை விரல் இப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"தூக்கினு வாங்க!" என்று கத்தினாள். "அந்த இடது ஷூவைத் தூக்கினு வாங்கடி!"

தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஊசியும் நூலும் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவும் வந்தன. அவள் கத்தியை வைத்ததும் ஜெயக்கொடி கையைப் பிடித்தாள்.

"அக்கா, உனக்கு மண்டை குழம்பிடுச்சா? முடிச்சு போட்டுக் கும்பிட்டதைப் போய் அறுக்குறியே!"

"சாமி கேட்டது ஒண்ணு. நாந்தான் ரெண்டாக்கினேன். உடு."

"ஜோடியைப் பிரிக்கிறது பாவம்க்கா."

"பிரிஞ்சு நாலு வருசமாச்சுடி" என்றாள் பூங்காவனம், கையை உதறிக்கொண்டு அறுத்தாள். வாழ்க்கையெல்லாம் சேர்த்துச் சேர்த்துப் பழகின கை, பிரிக்கத் தெரியாமல் முதலில் தடுமாறியது, பிறகு பிடித்துக்கொண்டது. மஞ்சளும் குங்குமமுமாக அடுக்கு அடுக்காக உரித்து, விதாரின் வலது ஷூவுக்கு அடியில் ஒட்டி, சுத்தியால் அடித்து, தடித்த ஊசியால் தைத்துத் தைத்து, பத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஏற்றினார்கள். குதிகாலில் ஒரு ஓட்டை மட்டும் மூடவில்லை. தோல் தீர்ந்துபோயிருந்தது. மேஸ்திரி தன் காலில் கிடந்ததைக் கழற்றி நீட்டினார், அது ரப்பர். அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார், கண்ணில் தண்ணீர் விட்டது, அவள் அதைப் பார்த்தாள், பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

பிறகு கூடைக்குள் கையை விட்டாள்.

எத்திராஜின் செருப்பு சுத்தமான மாட்டுத்தோல், அவனே வெட்டித் தைத்துக்கொண்டது, பெருவிரல் அழுந்தின பள்ளம் அப்படியே இருந்தது. அதை அவள் ஒரு தடவை முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு ஓட்டையின்மேல் வைத்தாள், அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. சுற்றித் தைத்து நூலைப் பல்லால் கடித்தாள்.

விதார் மாட்டிக்கொண்டு கீழ் உதட்டை மிதித்தார். இந்தத் தடவை புகையவில்லை. குனிந்து மேல் உதட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார், சிமெண்டும் கம்பியும் ஈரத் தோலைக் கிழிக்கிற சத்தத்தோடு கிழிந்தன, மதில்வரை கிழிந்தது, மதிலும் கிழிந்தது, உள்ளே அடைந்துகிடந்த காற்று பெரிய ஏப்பமாக வெளியே வந்து மேலே போயிற்று, காக்கைகள் ஒதுங்கி வழிவிட்டன. கழிவெல்லாம் பிளவுகளில் இறங்கி மறைந்தது. அந்தப் பள்ளம் ஞாயிற்றுக்கிழமை வெயிலில், பல் பிடுங்கின வாயாகத் திறந்து கிடந்தது.

விதார் காலை எடுத்தார், யாரையும் பார்க்கவில்லை, ஆற்று மணலில் இறங்கி வடக்கே நடந்தார். ஒரு காலடிதான் கேட்டது. வலது கால் தம்மென்று விழும், இடது கால் சத்தமில்லாமல் விழும், நெடுந்தூரம் போகும்வரை அப்படியே கேட்டது.

பிறகு பெண்கள் பள்ளத்துக்குள் ஏணி போட்டு இறங்கினார்கள். லோகு தடுத்தான், பூங்காவனம்தான் முதலில் இறங்கினாள். அடியில் வாளிகள், கயிறுகள், ஒரு டார்ச், நிறையச் செருப்புகள், எல்லாமே ஒற்றை ஒற்றையாக. எத்தனை காலத்துச் செருப்புகளோ, எத்திராஜுக்கு முன்னால் எத்தனை பேரோ. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு, அவற்றைத் துடைத்து வரிசையாகப் பரப்பினாள். ஒன்றுக்கும் ஒன்று சேரவில்லை. கடைசியில் பெருவிரல் பள்ளம் போட்ட ஒரு இடது செருப்பு வந்தது.

மேஸ்திரி நசுங்கவில்லை. மற்ற பேர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நாத்தனார் நன்றாகத்தான் இருக்கிறாள். திங்கட்கிழமை தோல் ஷாப்பு வாசலில் புதுத் தொட்டிக்குச் செங்கல் வந்து இறங்கியது. லாரியின் சத்தத்தைக் கேட்டதும் கட்டிங் ஹாலில் ஒரு பெண் ஷூ முனையில் வெட்டின துண்டைக் குப்பைக் கூடையில் போடப் போனவள் நிறுத்தி, எடுத்துத் தனியே வைத்தாள்; பக்கத்துப் பெண் குதிகால் துண்டை அதன்மேல் வைத்தாள். இப்போதும் அங்கே அப்படித்தான் வைக்கிறார்கள், பேர் எதையும் சொல்வதில்லை, எதற்கு என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பதுமில்லை.

பூங்காவனத்துக்கு அதற்குப் பிறகும் சரியான தூக்கம் இல்லை. செங்கல் ஏற ஏற அவள் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் ஏறியது. ஆனால் இடது செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாமல் வாசலிலேயே வைத்தாள். எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

"ஏம்மே, ஒண்ணைத் தொலைச்சிட்டு இன்னொண்ணைக் கொண்டாந்து வச்சிகினியா? ஒத்தச் செருப்பு வூட்டுக்கு ஆகாதுன்னு எத்தினி தபா சொல்றது?"

பூங்காவனம் செருப்பைக் குனிந்து நேராக வைத்தாள், இடது பக்கம் பார்த்து, வலதுக்கு இடம் விட்டு.

"ஒத்த இல்லக்கா. அதோட ஜோடி நடந்துகினு கீது."